கென்டக்கியில் மூன்று நாள்: போர்பன் வடிசாலைப் பயணத்தைத் திட்டமிடுதல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வாழும் மக்கள் சுமார் 45 லட்சம் பேர். அங்கே கிடங்குகளில் முதிர்ந்துகொண்டிருக்கும் போர்பன் பீப்பாய்கள் ஒரு கோடிக்கும் மேல். உலகம் குடிக்கும் போர்பனில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இந்த விஸ்கி எப்படி உருவாகிறது என்பதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் போக வேண்டிய இடம் கென்டக்கிதான்.

வரைபடத்தைத் திறந்தால் வடிசாலைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதாகத் தோன்றும். ஒரே நாளில் நான்கைந்து பார்த்துவிடலாம் என்ற ஆசையும் வரும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு வடிசாலை போதும். மூன்றாவதில் நுழையும்போது நாக்கு மரத்திருக்கும், கால் வலிக்கும், வழிகாட்டி சொல்வது காதில் ஏறாது. ஆகவே எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்றுக்கொன்று மாறுபட்ட வடிசாலைகளாகத் தேர்ந்தெடுங்கள். எப்படித் தேர்வது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

போர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் கறாரான வரையறை வைத்திருக்கிறது. ஊறலில் சேரும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். காய்ச்சி வடிக்கும்போது ஆல்கஹால் அளவு 80 சதவீதத்தையும், மரக்கலத்தில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலம் புதிய ஓக் மரத்தால் செய்து, உட்புறம் தீயில் கருக்கியதாக இருக்க வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்க அனுமதி இல்லை. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் போர்பன் தயாரிக்கலாம். அந்த நாட்டுக்கு வெளியே தயாரித்தால் அது போர்பன் ஆகாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தன் நாட்டின் தனித்துவமான பொருள் என்று தீர்மானமே போட்டது.

சட்டம் இவ்வளவு நெருக்கியும் ஒரு வடிசாலையின் சரக்கு இன்னொன்றைப் போல் இருப்பதில்லை. காரணம் தெரிய, போகும் இடமெல்லாம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. மக்காச்சோளத்துக்கு அடுத்து அதிகம் சேரும் தானியம் எது? ரை என்றால் காரம் தூக்கும். கோதுமை என்றால் சுவை மென்மையாகும்.
2. எந்த ஈஸ்ட், எத்தனை வகை?
3. காய்ச்சுவது உயர்ந்த கோபுர வடிகலத்திலா, வயிறு பெருத்த செப்புக் கொப்பரையிலா?
4. பீப்பாய் எந்தக் கிடங்கில், எந்த மாடியில், எத்தனை ஆண்டு இருந்தது?

வடிசாலைகளைத் தேர்ந்தெடுக்கவும் இதே கேள்விகள் உதவும். ஒவ்வொரு கேள்விக்கும் நல்ல விடை தரும் வடிசாலை எது என்று பார்த்தாலே பாதித் திட்டம் முடிந்துவிடும்.

எந்தக் காலம் நல்லது

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஆகிய மாதங்களில் வெயிலும் குளிரும் உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் விடுதி வாடகை ஏறும் நாள்களும் இவற்றில்தான் வருகின்றன. மே மாத முதல் சனிக்கிழமை லூயிவில்லில் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த வாரம் பந்தயத்துக்காகப் போகிறவர்களுக்கே உரியது. வடிசாலை பார்க்கப் போகிறவர்கள் தவிர்த்துவிடலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் லெக்சிங்டன் கீன்லேண்ட் மைதானத்தில் பந்தயப் பருவம். செப்டம்பரில் பார்ட்ஸ்டவுனில் போர்பன் திருவிழா.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பல வடிசாலைகள் பராமரிப்புக்காகக் காய்ச்சுவதை நிறுத்திவிடும். சுற்றிக் காட்டுவார்கள், ஆனால் ஊறல் பொங்குவதையும் வடிகலம் ஓடுவதையும் பார்க்க முடியாமல் போகலாம். முன்பதிவு செய்யும்போதே “அந்த நாளில் உற்பத்தி நடக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, வழிகாட்டிகளும் நிதானமாகப் பேசுவார்கள். கிடங்குகள் பெரும்பாலும் சூடாக்கப்படாதவை என்பதால் கனமான மேலங்கி அவசியம்.

தங்குமிடம், வண்டி, முன்பதிவு

லூயிவில், பார்ட்ஸ்டவுன், லெக்சிங்டன் என்ற மூன்று ஊர்களும் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. லூயிவில்லிலிருந்து பார்ட்ஸ்டவுன் சுமார் 65 கிலோமீட்டர். லெக்சிங்டன் சுமார் 125. விமானத்தில் வருகிறவர்களுக்கு லூயிவில் முகமது அலி விமான நிலையம் வசதியானது. லெக்சிங்டனிலும் நிலையம் உண்டு. சின்சினாட்டியில் இறங்கினால் சுமார் 160 கிலோமீட்டர் சாலைவழி வர வேண்டும். இந்த ஊர்கள் எல்லாம் கிழக்கு நேர மண்டலத்தில் இருக்கின்றன. டென்னசியின் நாஷ்வில்லிலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் இழப்பார்கள்.

வண்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கென்டக்கியில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். சுவைபார்க்கத் தரும் அளவு சிறியதுதான். ஆனால் இரண்டு இடத்தில் சேரும்போது கணக்கு மாறிவிடும். குழுவில் ஒருவர் அன்று குடிப்பதில்லை என்று காலையிலேயே முடிவாக வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரோடு வரும் சுற்றுலா வேனை அமர்த்துங்கள். லூயிவில் நகருக்குள் செயலி வழியாக வாடகைக் கார் எளிதில் கிடைக்கும். லொரெட்டோ போன்ற கிராமப்புறத்தில் போவதற்குக் கிடைத்தாலும் திரும்புவதற்குக் கிடைக்காது. வழியில் கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வடிசாலைகளை முன்பதிவு செய்யுங்கள், அதன்பிறகு விடுதியை. பெயர்பெற்ற இடங்களில் வார இறுதி நேரங்கள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். காலை பத்தரை வாக்கில் ஒன்று, பிற்பகல் இரண்டு வாக்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இடையில் நிம்மதியாகச் சாப்பிடலாம். கென்டக்கி வடிசாலையாளர் சங்கம் 1999இல் தொடங்கிய ‘கென்டக்கி போர்பன் டிரெயில்’ பட்டியல் நல்ல ஆரம்பம். ஆனால் அது சங்க உறுப்பினர்களை வைத்து உருவானது. பட்டியலில் இடம்பெறாத நல்ல வடிசாலைகளும் உண்டு.

சுவைபார்க்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள், சிறுவர்களை எந்தச் சுற்றில் அனுமதிக்கிறார்கள் என்று முன்பே விசாரியுங்கள்.

முதல் நாள்: லூயிவில், நடந்தே

பயணக் களைப்போடு வரும் நாளில் வண்டியைத் தொடாமல் இருப்பது நல்லது. லூயிவில்லின் மெயின் ஸ்ட்ரீட்டில் ‘விஸ்கி ரோ’ எனப்படும் பகுதி அதற்கு ஏற்றது. ஃபிரேசியர் வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கினால் போர்பனின் வரலாறும் ஊர்களின் அமைப்பும் மனதில் பதியும்.

அங்கிருந்து ஓல்டு ஃபாரஸ்டர். 1870இல் தொடங்கிய இந்தப் பெயரின் வடிசாலை 2018இல் விஸ்கி ரோவுக்கே திரும்பியது. இங்கே பீப்பாய் செய்யும் பட்டறையும் உள்ளேயே இருக்கிறது. பீப்பாயின் உட்புறம் தீப்பற்றி எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், போர்பனின் நிறமும் வெனிலா, கேரமல் மணமும் எங்கிருந்து வருகின்றன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே தெருவில் எவன் வில்லியம்ஸ், சற்றுத் தள்ளி ஏஞ்சல்ஸ் என்வி. பின்னது, முதிர்ந்த போர்பனைப் போர்ட் ஒயின் பீப்பாயில் இன்னொரு முறை வைத்தெடுக்கிறது. ஓல்டு ஃபாரஸ்டரோடு இவற்றில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: கோதுமையும் கிடங்கும்

காலையில் லொரெட்டோவில் உள்ள மேக்கர்ஸ் மார்க். ரைக்குப் பதிலாகச் சிவப்புக் குளிர்காலக் கோதுமை சேர்ப்பது இவர்கள் வழக்கம். 1950களில் பில் சாமுவேல்ஸ் தொடங்கிய தயாரிப்பு இது. சிவப்பு மெழுகில் தோய்த்த பாட்டிலின் தோற்றம் அவர் மனைவி மார்ஜி சாமுவேல்ஸின் யோசனை. சைப்ரஸ் மரத் தொட்டிகளில் ஊறல் நுரைத்துப் பொங்குவதை அருகில் நின்று பார்க்கலாம். பீப்பாய்களை மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு இடம் மாற்றும் பழக்கத்தை இன்னும் விடாத வடிசாலை என்பதால், நான்காவது கேள்வியை இங்கே அவசியம் கேளுங்கள். வாங்கிய பாட்டிலை நீங்களே மெழுகில் தோய்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பார்ட்ஸ்டவுனிலிருந்து லொரெட்டோவுக்கு அரை மணி நேரம் ஆகும். சாலை குறுகலும் வளைவுமானது. நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் பார்ட்ஸ்டவுனின் ஹெவன் ஹில். 1996 நவம்பர் 7 அன்று இங்கே பற்றிய தீயில் வடிசாலையும் ஏழு கிடங்குகளும் எரிந்துபோயின. சுமார் 90,000 பீப்பாய்கள் அழிந்தன. நிறுவனம் மீண்டு எழுந்து லூயிவில்லில் ஒரு வடிசாலையை வாங்கி உற்பத்தியைத் தொடர்ந்தது. ஊரைச் சுற்றி நிற்கும் பெரிய கிடங்குகளைப் பார்க்கும்போது இந்த வரலாறு நினைவிருக்கட்டும். சுவர்களிலும் மரங்களிலும் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கல்ல. பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலை உண்டு வளரும் பூஞ்சை.

கோடையில் கிடங்கின் மேல்மாடி கொதிக்கும். விஸ்கி மரத்துக்குள் ஆழமாக ஊடுருவும்; ஆல்கஹாலைவிட நீர் வேகமாக ஆவியாவதால் செறிவும் கூடும். கீழ்மாடி குளிர்ச்சியானது, அங்கே எல்லாம் மெதுவாக நடக்கும். ஒரே நாளில் ஒரே ஊறலிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் வெவ்வேறு சுவையில் முதிர்வது இதனால்தான்.

நேரம் மிஞ்சினால் பார்ட்ஸ்டவுனில் ஆஸ்கர் கெட்ஸ் விஸ்கி வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. மிகப் பெரிய வடிசாலை ஒன்றைப் பார்க்க விரும்பினால், ஹெவன் ஹில்லுக்குப் பதிலாக, லூயிவில்லுக்கு 40 கிலோமீட்டர் தெற்கே கிளெர்மான்ட்டில் உள்ள ஜிம் பீமைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள்: ஈஸ்ட்டும் கொப்பரையும்

பார்ட்ஸ்டவுனிலிருந்து புளூ கிராஸ் பார்க்வே வழியாகக் கிழக்கே போனால் லாரன்ஸ்பர்க் வரும். இண்டியானா மாநிலத்திலும் லாரன்ஸ்பர்க் என்ற ஊர் உண்டு. அங்கேயும் பெரிய வடிசாலை உண்டு. வழிகாட்டிச் செயலியில் மாநிலப் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

லாரன்ஸ்பர்க்கில் ஃபோர் ரோஸஸ் இரண்டாம் கேள்விக்கான பாடசாலை. இரண்டு தானியக் கலவைகள், ஐந்து வகை ஈஸ்ட் என்று பத்துச் செய்முறைகள் வைத்திருக்கிறார்கள். தானியம் மாறாமல் ஈஸ்ட் மட்டும் மாறும்போது பழ மணம் எப்படிப் பூ மணமாகிறது என்பதை இங்கே நாக்கே சொல்லிவிடும். ஃபோர் ரோஸஸுக்குப் பதிலாக வேறொன்று வேண்டுமென்றால், அருகிலேயே கென்டக்கி ஆற்றின் மேட்டில் வைல்டு டர்க்கி. 1954இல் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரசலும், பின்னர் அவர் மகன் எட்டி ரசலும் தலைமை வடிப்பாளர்களாகப் பேரெடுத்த இடம்.

பிற்பகலில் வெர்செய்ல்ஸ் அருகே உள்ள வுட்ஃபோர்டு ரிசர்வ். செப்புக் கொப்பரைகளில் மூன்று முறை வடிக்கிறார்கள். பெரும்பாலான போர்பன் ஆலைகளில் கோபுர வடிகலமே காய்ச்சும் வேலையைச் செய்வதால் இந்தக் காட்சி அரிது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் குரோ இங்கே வேலை செய்தார். வடித்தபின் எஞ்சும் புளித்த நீரைப் புதிய ஊறலில் சேர்க்கும் முறையை அறிவியல் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். கற்கட்டடங்களும் ஓடையும் சுற்றியுள்ள குதிரைப் பண்ணைகளும் சேர்ந்து கண்ணுக்கும் விருந்து.

இதற்கு மாற்றாக ஃபிராங்க்ஃபர்ட்டின் பஃபலோ டிரேஸைத் தேர்ந்தெடுக்கலாம். மதுவிலக்குக் காலத்தில் மருத்துவ விஸ்கிக்கு உரிமம் பெற்று இயங்கிய வடிசாலை இது. 1984இல் ஒரே பீப்பாயிலிருந்து அடைத்த பிளான்டன்ஸை எல்மர் டி. லீ அறிமுகப்படுத்தியதும் இங்கேதான். அடிப்படைச் சுற்றுகளுக்குக் கட்டணம் வாங்காததால் இடம் சீக்கிரம் நிரம்பும்.

சாப்பாடும் சுவைப்பும்

வெறும் வயிற்றில் சுவைபார்க்காதீர்கள். கிராமப்புற வழிகளில் உணவகம் குறைவு. சைவச் சாப்பாடு இன்னும் குறைவு. லூயிவில்லின் பெயர்பெற்ற ‘ஹாட் பிரவுன்’ வான்கோழி இறைச்சி வைத்தது. சைவர்கள் காலையில் வயிறாரச் சாப்பிட்டு, கையில் பழமும் ரொட்டியும் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

கோப்பையை மூக்குக்கு நேராகக் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை இலேசாகத் திறந்தபடி முகருங்கள். நெடி மூக்கைத் தாக்காது. முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவதை வாய் முழுவதும் சுழலவிட்டு, மெல்லுவதுபோல் அசைத்துச் சுவையுங்கள். ஜிம் பீமின் புக்கர் நோ பிரபலப்படுத்திய முறை இது. செறிவு அதிகமானால் சில துளி தண்ணீர் சேர்ப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் விழுங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துப்புவதற்குக் கோப்பை கேட்டால் தருவார்கள். குடிக்காதவர்களும் சுற்று முழுவதும் கலந்துகொள்ளலாம். ஊறலின் வாசனை, கிடங்கின் இருட்டு, பட்டறையின் தீ ஆகியவற்றை அனுபவிக்கக் குடிக்க வேண்டியதில்லை.

கடைகளில் என்ன வாங்குவது

எந்த ஊர் மதுக்கடையிலும் கிடைப்பதை இங்கிருந்து சுமந்து வராதீர்கள். வடிசாலைக் கடையில் அங்கு மட்டுமே விற்கும் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நகரங்களில் லிக்கர் பார்ன் போன்ற பெரிய கடைகளில் வகை அதிகம். லூயிவில்லின் வெஸ்ட்போர்ட் விஸ்கி அண்ட் வைன் போன்ற தனிச்சிறப்புக் கடைகளில் விவரம் தெரிந்தவர்களோடு பேசலாம். கடைக்காரர்களே வடிசாலைக்குப் போய்ச் சுவைத்துத் தேர்ந்தெடுத்த ஒற்றைப் பீப்பாய்ச் சரக்கு இத்தகைய கடைகளில் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காதது அதுதான். விலையும் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும்.

தனியாரிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்க 2018 முதல் கென்டக்கிச் சட்டம் உரிமம்பெற்ற கடைகளை அனுமதிக்கிறது. கோவிங்டனில் உள்ள ரிவைவல் அத்தகைய கடை. பல பத்தாண்டுகளுக்கு முன் அடைத்ததை வாங்குமுன் முத்திரையையும், கழுத்துவரை சரக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பாப்பி வான் விங்கிள், வெல்லர், பிளான்டன்ஸ் ஆகியவற்றுக்கு எங்கும் தட்டுப்பாடு. அவற்றைத் தேடியே நாளைக் கழிக்காதீர்கள். உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். அதைப் போல் பல மடங்கு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

லேபிளைப் படிக்கப் பழகுங்கள். ‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்தது; நான்கு ஆண்டுக்குக் குறைவானால் வயதைக் குறிப்பிட்டாக வேண்டும். ‘பாட்டில்டு இன் பாண்ட்’ 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் முத்திரை. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் நான்கு ஆண்டாவது வைத்து, 50 சதவீதத்தில் அடைத்தது. குறைந்த விலையில் நம்பி வாங்கத்தக்கவை இந்த வரிசையில் நிறைய உண்டு. புரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும்.

பாட்டிலை ஊருக்குக் கொண்டுவருவது

24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளதை, பிரிக்காத பாட்டிலில், ஆளுக்கு 5 லிட்டர்வரை விமானத்தில் சரக்குப் பெட்டியில் வைக்கலாம். 70ஐத் தாண்டினால் அனுமதியே இல்லை. பீப்பாய்ச் செறிவிலேயே அடைத்த சில பாட்டில்கள் அந்த எல்லையைத் தாண்டும் என்பதால், வாங்குமுன் எண்ணைப் பாருங்கள். இந்தியாவுக்கு வருகிறவர்கள் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். அதற்கு மேல் வரி கடுமையானது. அமெரிக்க அஞ்சலில் மது அனுப்பத் தடை உண்டு. சாலையில் போகும்போது பாட்டில்கள் பிரிக்கப்படாமல் வண்டியின் பின்பெட்டியில் இருக்கட்டும். கென்டக்கியின் சில கவுன்ட்டிகளில் மது விற்பனையே கிடையாது என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் சரிபார்க்க

- ஒவ்வொரு வடிசாலையும் அன்று திறந்திருக்கிறதா, உற்பத்தி நடக்கிறதா?
- முன்பதிவுச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கையில் உள்ளனவா?
- மூடிய காலணி, கிடங்குக்கு மேலங்கி, வரைபடம், தண்ணீர்?
- பாட்டில் சுற்ற உறையும் பெட்டியில் இடமும்?
- ஒவ்வொரு நாளுக்கும் நேராக வண்டி ஓட்டுபவர் பெயர் எழுதியிருக்கிறதா? இந்தக் கட்டம் காலியாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் திட்டம் முடியவில்லை. முதலில் இதை நிரப்புங்கள்.